மவனுக்க பேரை மூணு பாஷையிலயும் தப்பில்லாம அடிச்சுத் தந்த களியக்காவிளை கடை

ஞானஸ்நானக் கார்டு எங்க அடிச்சீங்க, வாசல்ல மாட்டியிருக்கிற பேர்ப்பலகை எங்க செஞ்சீங்கன்னு வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதனால இங்க முழுசா எழுதிடறேன். கொஞ்சம் நீளமா வரும். கார்டு விலை, பேப்பர்னு மட்டும் சொன்னா அந்தக் கடை எனக்கு ஏன் இவ்வளவு பிடிச்சுப் போச்சுன்னு புரியாது, எனக்க மவனுக்க பேரு பட்ட பாட்டையும் சேத்துச் சொன்னாத்தான் புரியும்.

கடை கன்னியாகுமரி மாவட்டத்துல கேரள எல்லையை ஒட்டி இருக்கிற களியக்காவிளை ஜங்ஷன்ல இருந்து நடந்தா அஞ்சு நிமிஷம், கீழ ஒரு சாயாக் கடை, மேல மாடியில பிரஸ். பேரு போடல, ஏன்னா ஓனர் அண்ணன் ரெண்டே ரெண்டு ஆளை வச்சு ஓட்டறாரு, ஒரேயடியா கூட்டம் வந்தா சொன்ன தேதிக்குக் குடுக்க முடியாதுன்னு கேட்டுக்கிட்டாரு. மாடியில இருக்கிற பழைய பிரஸ்னு கேட்டா ஆட்டோக்காரங்க காட்டித் தருவாங்க. எங்க ஊரு தூத்தூர் பக்கம். பக்கத்துலயே கார்டு அடிக்கிற இடம் இல்லாம இல்ல, ஆனா எங்களுக்குத் தமிழும் வேணும் மலையாளமும் வேணும். எங்க கரை தமிழ்நாட்டுல இருந்தாலும் கோயில் பங்கு திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்துல சேந்தது, சொந்தக்காரங்க பாதிப் பேரு கேரளத்துல பூவாறு, விழிஞ்ஞம்னு கிடக்காங்க, அவங்க பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ரெண்டு பாஷையும் ஒழுங்கா அடிக்கிற பிரஸ் கிடைக்கிறது லேசு இல்ல, ஒண்ணு நல்லா வந்தா இன்னொண்ணுல எழுத்துப் பிழை கண்டிப்பா இருக்கும்.

பேரு ஃப்ரான்ச்செஸ்கோ. ஆமா, இத்தாலிப் பேருதான். எனக்க வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்ல வேலை பாக்கறாரு, சில வருஷம் முன்னாடி அவரு கப்பல் ரிப்பேருக்காக இத்தாலியில அன்கோனா துறைமுகத்துல கொஞ்ச நாள் நின்னுச்சு, அப்போ கூட வேலை பாக்கிற ஒருத்தரோட ரயில் ஏறி, புனித பிரான்சிஸ் பிறந்த ஊரான அசிசிக்குப் போயிட்டு வந்தாரு. காலையில போயி ராத்திரி திரும்பின ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைப் பத்தி அவரு எனக்கிட்ட எத்தனை தடவை பேசியிருப்பாருன்னு கணக்கே கிடையாது. மலைச் சரிவுல ரோஸ் கலர்க் கல்லுல கட்டின ஊராம், கோயிலுக்கு உள்ளார கீழ இறங்கிப் போனா புனிதருக்க கல்லறையாம், சத்தம் போடாம ஆளுங்க வரிசையில நிக்கிறாங்களாம். பையன் பிறந்தா இந்தப் பேருதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு.

ஆனா பையன் பிறந்தப்போ அவரு நடுக்கடல்ல. எனக்கு அருளப்பன்னு வைக்க ஆசை, எனக்க அப்பா வீட்டுப் பக்கம் உள்ள பேரு, யோவானைத்தான் நம்ம பழைய ஆளுங்க அருளப்பர்னு சொல்லுவாங்க. மூணு மாசம் வீட்டுல பையனை அருளு அருளுன்னுதான் கூப்பிட்டோம். அவரு லீவுல வந்து இறங்கி, பிள்ளையைத் தூக்கி, முதல் வார்த்தையா ஃப்ரான்ச்செஸ்கோன்னு கூப்பிட்டாரு. எனக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். அப்புறந்தான் புனித பிரான்சிஸ் கதையை ஒழுங்கா எடுத்து வாசிச்சேன், வாசிச்சதும் கை நடுங்கிடுச்சு. அவரு பிறந்தது 1181 இல்லாட்டி 1182, அப்பா பியெத்ரோ தி பெர்னார்தோனே துணி வியாபாரி, பிள்ளை பிறந்தப்போ வியாபாரத்துக்காக ஃபிரான்ஸ்ல இருந்தாரு. அம்மா பிள்ளைக்கு ஜியோவான்னின்னு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. ஜியோவான்னின்னா யோவான், அதாவது அருளப்பன்! அப்பா திரும்பி வந்து, தான் வியாபாரம் பண்ற நாட்டு மேல உள்ள பிரியத்துல ஃப்ரான்ச்செஸ்கோன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு, ஃபிரெஞ்சுக்காரன்னு அர்த்தம். எண்ணூறு வருஷம் முன்னாடி ஒரு வீட்டுல நடந்தது அப்பிடியே எங்க வீட்டுலயும் நடந்திருக்கு, எங்க ரெண்டு பேருக்கும் தெரியாமலே. அதுக்கு மேல நான் மறுத்துப் பேசல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, இத்தாலிக்கே உரிய பேருன்னு எல்லாரும் சொல்ற இது இன்னொரு ஊருக்குப் போயி வந்த தகப்பன் கொண்டு வந்த பேரு. அந்தப் பிள்ளை வளந்து துணி வியாபாரம், பணம் எல்லாத்தையும் விட்டு இறங்கினதுக்கு அப்புறம்தான் பேரு உலகம் பூரா பரவிச்சு. இத்தாலியில பல வருஷமா ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வைக்கிற பேருல இது முதல்ல இருந்துச்சு, 2018ல லியோனார்டோ வந்துதான் முந்திச்சு. அங்க வீட்டுல சுருக்கிக் கூப்பிடற பேரும் நிறைய இருக்கு, செக்கோன்னு ஒண்ணு, தெக்குப் பக்கம் சிச்சோன்னு ஒண்ணு. நாங்க இப்ப செக்கோன்னுதான் கூப்பிடறோம்.

சரி, ஊருல என்ன சொன்னாங்கங்கிறது தனிக் கதை. இந்தப் பேரு வைக்க நினைக்கிற வேற யாராவது இருந்தா தெரிஞ்சுக்கட்டும்னு சொல்றேன், வாயில நுழையலங்கிறது ஒண்ணு, அது போக வேற பேச்சும் நிறைய வரும். எனக்க ஸ்கூல்ல கூட வேலை பாக்கிற டீச்சர் கேட்டதும் சான் ஃபிரான்சிஸ்கோவான்னாங்க, அமெரிக்காவுல பிள்ளை பிறந்துச்சான்னும் கேட்டாங்க. வீட்டுக்காரருக்க தம்பிக்குப் பேரைக் கேட்டதும் சந்தோஷம் தாங்கல, எங்க கரையில கால்பந்துன்னா உயிரு, அவனுக்கு ஃப்ரான்ச்செஸ்கோன்னா இத்தாலி ஆட்டக்காரர் டோட்டி ஒருத்தருதான். 2006 உலகக் கோப்பையில ஆஸ்திரேலியாகூட ஆட்டம் முடியப் போற நேரத்துல கிடைச்ச பெனால்டியை அடிச்சு ஜெயிக்க வச்சாரே, அந்த டோட்டி, ரோமா டீமை விட்டு வேற டீமுக்குப் போகவே போகாத ஆளு. பிறந்து நாலு மாசம் ஆன பிள்ளைக்கு 10ஆம் நம்பர் பனியன் வாங்கிட்டு வந்துட்டான்.

பெரியப்பா மட்டும் ஒத்துக்கல. வீட்டுக்காரருக்க அண்ணன், விசைப்படகுல தொழிலுக்குப் போற ஆளு, அதிகம் பேச மாட்டாரு. இத்தாலிக்காரன் பேரு நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. எனக்கு அவரை எதுத்துப் பேசத் தோணல. 2012 பிப்ரவரி 15 எங்க கரையில யாருக்கும் மறக்காது. என்ரிகா லெக்ஸிங்கிற இத்தாலி எண்ணெய்க் கப்பல்ல காவலுக்கு இருந்த கடற்படை வீரங்க சுட்டதுல, செயின்ட் ஆன்டணி படகுல இருந்த ரெண்டு மீனவங்க இறந்து போனாங்க, ஒருத்தரு கொல்லத்துக்காரர், இன்னொருத்தரு எங்க கரைப் பையன். கேஸ் நெதர்லாந்து வரைக்கும் போயி, பத்துக் கோடி ரூபா இழப்பீடு கட்டினப்புறம் 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டு முடிச்சு வச்சுது. பேப்பர்ல முடிஞ்சுது, கரையில முடியல. அந்தச் சூடு நடந்ததுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2012 ஜனவரி 13, கோஸ்டா கன்கார்டியாங்கிற இத்தாலிப் பயணிகள் கப்பல் ஜில்யோ தீவுப் பக்கம் பாறையில மோதி 32 பேரு செத்தாங்க, பயணிகள் உள்ள இருக்கும்போதே கப்பலை விட்டுப் போன கேப்டனுக்குப் பின்னால 16 வருஷம் தண்டனை குடுத்தாங்க, அந்தக் கேப்டனுக்குப் பேரும் ஃப்ரான்ச்செஸ்கோதான். படகுல ஆளை விட்டுட்டு வர்றதுங்கிறது எங்க ஆளுங்களுக்கு நினைச்சுப் பாக்கவே முடியாத காரியம். அதனால பெரியப்பா சொன்னதுல எனக்குக் கோவம் வரல. பேருல பாவம் இல்லன்னு எனக்குத் தெரியும், ஆனா கடல்ல போற ஆளுக்குக் காதுல விழற சத்தம் வேற.

மாமிக்கு, வீட்டுக்காரருக்க அம்மாவுக்கு, வேற கவலை. மாமா இறந்து ஆறு வருஷம் ஆகுது, அவருக்குப் பேரு பிரான்சிஸ். மூத்த பேரனுக்குப் பாட்டாவுக்க, அதாவது தாத்தாவுக்க, பேரு வைக்கிறதுதான் முறை, நீங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுப் பேரைக் கொண்டு வந்து எனக்க ஆளுக்க பேரை விட்டுட்டியளேன்னு ஒரு நாள் சாயங்காலம் அழுதாங்க. ரெண்டும் ஒரே பேருதான் மாமின்னு நான் சொன்னேன், சொன்னது அவங்களுக்குப் போயிச் சேரல. ஒரு புஸ்தகத்துல படிச்சதைச் சொல்ற மாதிரிதான் அவங்களுக்கு இருந்திருக்கும்.

இதுக்கு நடுவுலதான் பேரைத் தப்பா அடிச்சு அடிச்சு நாங்க பட்ட அவஸ்தை. முதல்ல ஒரு ஆபீஸ்ல பேரைப் பதிய ஃபிரான்சிஸ்கோன்னு அடிச்சுக் குடுத்துட்டாங்க, அதைத் திருத்த ரெண்டு தடவை லீவு போட்டேன். ஃபிரான்சிஸ்கோன்னா ஸ்பெயின்காரங்க சொல்றது, ஆங்கிலத்துல எழுதும்போது 'சி'க்கு அப்புறம் 'இ' வந்தா இத்தாலி, 'ஐ' வந்தா ஸ்பெயின், ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அப்புறம் ஆன்லைன்ல ஒரு இடத்துல பேரு போட்ட போர்வை ஆர்டர் பண்ணினேன், நான் சரியாத்தான் டைப் பண்ணியிருந்தேன், அவங்களாவே தப்புன்னு நினைச்சுத் திருத்தி ஐ போட்டு அனுப்பிட்டாங்க. பேரு போட்டதைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு பதில். போர்வை இப்ப அலமாரியில கிடக்குது, மனசு கேக்காம தூக்கிப் போடவும் முடியல.

அதனால களியக்காவிளை கடைக்குப் போகும்போது நான் பயந்துட்டேதான் போனேன். ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல பேரை எழுதிக் கொண்டு போயி நீட்டினேன். ஓனர் அண்ணன் அதை வாங்கி அப்பிடியே மேஜையில கவுத்து வச்சுட்டு, டீச்சர், எழுத்தை அப்புறம் பாப்போம், வீட்டுல எப்பிடிக் கூப்பிடுவிய, வாயால ஒரு தடவை சொல்லுங்கன்னாரு. நான் சொன்னேன். இன்னொரு தடவைன்னாரு. மூணாவது தடவை அவரும் கூடவே சொல்லிப் பாத்தாரு. இதுவரைக்கும் எந்தக் கடையிலயும் எந்த ஆபீஸ்லயும் யாரும் எனக்கிட்ட இதைக் கேட்டதில்ல. அந்த ஒரு கேள்விக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

உள்ள அவருக்க அப்பா உக்காந்திருந்தாரு, எண்பது வயசு இருக்கும், ஈய எழுத்து கோத்து அடிக்கிற காலத்துல இருந்தே தொழில் பண்றவரு, ஒரு பக்கம் தமிழ் எழுத்துப் பெட்டி, ஒரு பக்கம் மலையாள எழுத்துப் பெட்டின்னு வச்சு வேலை பாத்த ஆளு. எல்லாரும் பாட்டான்னுதான் கூப்பிடறாங்க. அவரு பேரைக் கேட்டுட்டு, மலையாளத்துல ஒரு பாடும் இல்ல மக்ளே, கீழ சாயாக் கடை போர்டுல சாயாவுக்குப் போட்டிருக்கான் பாரு, அதே 'ச' எழுத்துதான், எங்க வந்தாலும் ஒரே சத்தம், தமிழ்லதான் யோசிக்கணும்னாரு. உண்மைதான். நம்ம 'ச' இருக்கே, அது வர்ற இடத்தைப் பொறுத்துச் சத்தம் மாறும். ஃபிரான்செஸ்கோன்னு போட்டா ஆளுங்க 'ஸெ'ன்னு வாசிச்சுடுவாங்க. பிராஞ்செஸ்கோன்னு போட்டா மஞ்சள், பஞ்சுல வர்ற மாதிரி 'ஜெ' ஆயிடும். பாட்டா ஒரு பழைய பேப்பர்ல அஞ்சாறு விதமா எழுதி, கடையில வேலை பாக்கிற பையனைக் கூப்பிட்டு, பேரை அவனுக்கிட்ட சொல்லாமலே வாசிக்கச் சொன்னாரு. எதை அவன் சரியா வாசிச்சானோ அதை வட்டம் போட்டாரு. ஃப்ரான்ச்செஸ்கோ, நடுவுல ஒரு 'ச்' கூடுதலா. பாக்க ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டேன், பாக்கிறதுக்கு இல்ல, கூப்பிடறதுக்குத்தான் பேருன்னாரு.

இன்னொண்ணும் சொன்னாரு. இந்தப் பேருக்குள்ள 'செ'க்கு ஒத்தக்கொம்பு, 'கோ'க்கு ரெட்டக்கொம்பு வருது இல்லியா, முன்னாடி ஓலையில எழுதற காலத்துல இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் இப்பிடிக் கிடையாது, குறிலுக்குப் புள்ளி வைக்கணும், பாதிப் பேரு வைக்க மாட்டாங்க, வாசிக்கிறவன் இடம் பாத்துப் புரிஞ்சுக்கணும், ரெட்டக்கொம்பைக் கொண்டு வந்து அந்தக் குழப்பத்தைத் தீத்தது வீரமாமுனிவர்னாரு. 1680ல இத்தாலியில காஸ்தில்யோனேங்கிற ஊருல பிறந்தவரு, அவருக்க சொந்தப் பேரு கொன்ஸ்தான்சோ ஜூசெப்பே பெஸ்கி. கொன்ஸ்தான்சோன்னா நிலையா நிக்கிறவன், நம்ம ஆளுங்க தைரியநாதர்னு கூப்பிட்டாங்க. நான் தமிழ் டீச்சர், வீரமாமுனிவரை வருஷா வருஷம் பாடமா நடத்தறேன், எனக்க மவனுக்க பேருக்குள்ளயே அவரு வந்து உக்காந்திருக்காருன்னு எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தோணல.

அப்புறம்தான் பாட்டா கேட்டாரு, தகப்பன் வழிப் பாட்டாவுக்கு என்ன பேருன்னு. பிரான்சிஸ்னு சொன்னேன். இறந்து போன மாமாவுக்க பழைய ஸ்கூல் சர்டிபிகேட் ஃபோட்டோ எனக்க போன்ல கிடந்துச்சு, வாரிசுச் சான்றிதழுக்காக எடுத்தது. 1956 நவம்பர்ல விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி படிச்சவரு, சர்டிபிகேட் முழுசும் மலையாளம். பாட்டா அதைப் பெருசாக்கி வாசிச்சு, பிறானு சீஸ்னு எழுதிருக்கானே, வாத்தியார் பிரிச்சு எழுதிட்டான் பாருன்னு தடவிப் பாத்தாரு. அந்தக் காலத்துல கரையில இந்தப் பேரைப் பிராஞ்சீசுன்னுதான் சொல்லுவாங்களாம், திருச்சூர்ப் பக்கம் போனா பிராஞ்சின்னு சுருக்கிடுவாங்க. 1544 கடைசியில புனித சவேரியார் இந்தக் கரையில ஊரு ஊரா நடந்து, ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுத்ததா அவரே கடிதத்துல எழுதியிருக்காரு, அவருக்கும் பேரு ஃபிரான்சிஸ்கோதானே, அப்ப இருந்து இந்தப் பேரு இங்க இருக்குதுன்னாரு பாட்டா. வெளியில இருந்து வந்த பேருதான், ஆனா வந்து சேந்து நாள் எத்தனையாச்சு!

பேருக்குக் கீழ சின்ன எழுத்துல 'பிரான்சிஸ் பாட்டாவுக்க பேரன்'னு ஒரு வரி போடலாமான்னு அவருதான் கேட்டாரு. எங்களுக்குத் தோணாத விஷயம். காசு கூடுதல் கேக்கல.

இனி சாமான் எப்பிடி இருந்துச்சுன்னு சொல்றேன். கார்டு 150 அடிச்சோம், மடிக்கிற கார்டு, 300 ஜிஎஸ்எம் மேட் பேப்பர், கவரோட ஒண்ணு 26 ரூபா. மார்த்தாண்டத்துல விசாரிச்சப்போ இதே பேப்பருக்கு 30க்கு மேல சொன்னாங்க. வெளிப் பக்கம் தமிழ், மடிச்ச உள் பக்கம் மலையாளம், பேரு மட்டும் ஆங்கிலத்துலயும் சின்னதா. ப்ரூஃப் வாட்ஸ்அப்ல மூணு தடவை அனுப்பினாங்க, மூணாவது தடவை நான் சரின்னு சொன்னப்புறமும் ஓனர் அண்ணன் போன் பண்ணி, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுக் காட்டி, கேட்டுக்கிட்டுத்தான் மெஷின்ல ஏத்தினாரு. ஞானஸ்நானக் கார்டுன்னாலே சிப்பி, புறா, நெட்டுல இருந்து எடுத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தைப் படம்னு எல்லாரும் ஒரே மாதிரி போடுவாங்க. நாங்க டிசம்பர் கடைசியில வச்சிருந்தோம், கிறிஸ்மஸ் கழிஞ்சு மூணாம் நாள். அதைச் சொன்னதும் குடில் போடலாம்னு அவங்களே சொன்னாங்க, ஏன்னா 1223 கிறிஸ்மஸுக்கு கிரெச்சோங்கிற ஊருல மாடு கழுதை வைக்கோல் எல்லாம் வச்சு முதல்ல குடில் காட்சி செஞ்சது புனித பிரான்சிஸ்தான். நம்ம மாவட்டத்துல டிசம்பர் வந்தா வீட்டுக்கு வீடு குடில், ஊருக்கு ஊரு போட்டி, புல்லு வெட்டி நாணல் வெட்டி பையங்க ராத்திரி முழுக்க முழிச்சுக் கட்டறாங்க, அத்தனைக்கும் ஆரம்பம் இந்தப் பேருக்காரருன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? கார்டுல ஓலைக் கொட்டில், பக்கத்துல ஒரு கட்டுமரம், ஒரு குருவி, கோட்டுச் சித்திரமா. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு.

பேர்ப்பலகை அயினி மரம், ரெண்டடி நீளம், 1,400 ரூபா. லேசர்ல வெட்டறது இல்ல, கையால செதுக்கறாங்க, அதுக்குத் தனியா ஒரு ஆசாரி இருக்காரு. அயினிதான் வேணும்னு வீட்டுக்காரர் சொன்னாரு, எங்க பக்கம் வள்ளம் கட்டற மரம் அது, உப்புக் காத்துக்குத் தாங்கும். முதல்ல வந்தப்போ 'ஃ'ல ஒரு புள்ளி மட்டும் ஆழம் குறைவா, பாத்தா ரெண்டு புள்ளி மாதிரிதான் தெரிஞ்சுது. சொன்னதும் மறு பேச்சு இல்லாம வாங்கி வச்சு ரெண்டாம் நாளே சரி பண்ணிக் குடுத்தாங்க. பலகை கொள்ளாம், குறையே சொல்ல முடியாது.

மத்தபடி குறை இல்லாம இல்ல. பேரு மேல போட்ட தங்கக் கலர் ஃபாயில் மடிப்புக்குப் பக்கத்துல வர்ற இடத்துல சில கார்டுல உரிஞ்சுச்சு, பத்து கார்டு வரைக்கும் இருக்கும். ஃபாயில் வேணும்னா மடிப்புல இருந்து தள்ளிப் போடச் சொல்லுங்க, இல்லாட்டி வேண்டவே வேண்டாம், சாதாரணப் பிரிண்டே அழகாத்தான் இருக்கு. கவர் பசை சுத்தமாப் பிடிக்கல, நாங்க ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தோம். ஆறு நாள்னு சொன்னது எட்டு நாள் ஆச்சு, ரெண்டு நாள் கரண்ட் பிரச்சினைன்னாங்க, அதை முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம், நான் பஸ் ஏறிப் போயித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாடிப்படி ரொம்ப செங்குத்து, மாமியைக் கூட்டிட்டுப் போயி பாதிப்படியில உக்கார வச்சுட்டு ஏறினேன், முட்டு வலி உள்ளவங்க கீழ சாயாக் கடையில இருந்து போன் பண்ணுங்க, அந்தப் பையன் சாம்பிளோட இறங்கி வருவான். கார்ல போகாதீங்க, காலையில மீன் வண்டி, ரெண்டு ஸ்டேட்டு பஸ்ஸு எல்லாம் சேந்து நிறுத்த இடமே இருக்காது.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பலகையைக் கொண்டு வந்து மாமி முன்னாடி வச்சோம். அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, விரலால தடவித் தடவி வாசிச்சாங்க. பெரிய எழுத்துல இருந்த பேரு பிடிபடல, கீழ இருந்த சின்ன வரி பிடிபட்டுது. எனக்க ஆளுக்க பேரு இருக்குன்னு சொல்லி ரொம்ப நேரம் அதுலயே கையை வச்சிருந்தாங்க. அன்னைக்குல இருந்து அவங்க பிள்ளையைப் பிராஞ்சீசுன்னுதான் கூப்பிடறாங்க, பூவாறு மாமா வீட்டுல பிராஞ்சி, நாங்க செக்கோ, சித்தப்பா டோட்டி. கோயில்ல சாமியார் பேரைச் சொல்லி தண்ணி ஊத்தும்போது நடுவுல திணறாம ஒழுங்காச் சொன்னாரு, கார்டைப் பாத்துதான் சொன்னேன்னு பின்னால சொன்னாரு. பேச்சுல அவரு போப் ஃபிரான்சிஸைப் பத்தியும் சொன்னாரு, இத்தாலியில அவருக்குப் பாப்பா ஃப்ரான்ச்செஸ்கோன்னுதான் பேரு, அசிசி பிரான்சிஸ் பேரை முதல் முதலா எடுத்த போப், நம்ம நட்டாலத்து தேவசகாயத்தை 2022 மே 15ல புனிதரா அறிவிச்சவரு. தேவசகாயம்னா லாசருங்கிற பேரோட தமிழ். அந்த மே மாசம் நட்டாலத்துலயும், தேவசகாயம் உயிர் விட்ட காற்றாடிமலையிலயும் கூடின கூட்டம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. 2025 ஏப்ரல் 21ல போப் இறந்தப்போ எனக்க மவன் வயித்துல இருந்தான்.

பெரியப்பா ஞானஸ்நானத்துக்கு வந்தாரு, மோதிரம் போட்டாரு, கார்டை வாங்கிச் சட்டைப் பையில வச்சாரு. பேரைச் சொல்லிக் கூப்பிடல, அருளுன்னுதான் கூப்பிடறாரு. அவரு அப்பிடியே கூப்பிடட்டும், எனக்கும் பிடிச்ச பேருதானே அது. பலகையில அந்தப் பேரையும் ஒரு ஓரத்துல செதுக்கித் தர முடியுமான்னு பிரஸ்ல கேட்டிருக்கேன், இடம் இருக்கு, முந்நூறு ரூபாக்கு முடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்காரு, அடுத்த மாசம் கொண்டு போகணும்.

நீங்க போறதா இருந்தா டிசம்பருக்கும் ஏப்ரல் மே கல்யாண சீசனுக்கும் மூணு வாரம் முன்னாடியே குடுத்துடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனை எடுக்க மாட்டாங்க. பாட்டா தினமும் காலையில பத்து மணிக்கு வந்து மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிடுவாரு, எழுத கஷ்டமான பேரு உள்ளவங்க அந்த நேரத்துல போயி அவருக்கிட்ட வாயால சொல்லுங்க.